சம்பலுக்கு நான் சொன்ன தீர்ப்பு

கல்லூரி அதிபரின் அறையில் இரண்டே கதிரைகள். ஒன்றில் அவர் இருப்பார். மற்றதில் கோப்புகள் இருக்கும். ஆசிரியர்கள் நின்றுகொண்டே கேட்டு, நின்றுகொண்டே பதில் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான். நானும் நின்றுகொண்டேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மாஸ்டர், நீங்கள் பரமேஸ்வரி வீட்டிலதானே சாப்பிடுறீங்கள்?"

"ஆமாம் சார்."

"எங்கட விடுதிக் குசினியைப் பாக்க ஒரு ஆள் வேணும். அந்த மனுசி கேட்டிருக்கிறா. புருசனுக்கும் டொக்யாட்டில வேலை போயிட்டுது. நாப்பது பிள்ளையளுக்குச் சமைக்க வேணும். குடுக்கலாமோ? உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்ல மனுஷி சார். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். ஆனா..."

"ஆனா?"

"கைக்கு ருசி வராது சார்."

அதிபர் தலையாட்டினார். முன்னால் இருந்த தாளில் ஒரு பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு கோடு போட்டார். நான் வகுப்புக்குப் போய் இருபடிச் சமன்பாடு நடத்தினேன். மிக நன்றாக நடத்தினேன் என்று ஞாபகம்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். அக்கரைக்குப் போனது, கணிதம் சொல்லிக் கொடுத்தது, எந்தெந்த மாணவன் எந்தெந்தப் பதவிக்குப் போனான் என்பதெல்லாம். இந்த வாரம் அது முடியாது. அந்தக் கோட்டுக்குக் காரணம் ஒரு சம்பல். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காய்ச்சல்காரர்களின் ஊர்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருக்கும். நான் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை. கணிதப் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயிலேறி, திருகோணமலையில் இறங்கினேன். வந்து சேர்ந்த மறுநாள் காலையே ஏமாற்றம் தொடங்கிவிட்டது.

நான் தங்கியிருந்த வீட்டுப் பரமேஸ்வரி அக்கா என் முன்னால் அரை றாத்தல் பாணை வைத்தார். கூடத் தொட்டுக்கொள்ள ஒரு தேங்காய்ச் சம்பல்.

"வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே. ஏன் மாஸ்டர்?"

எங்கள் ஊரில் ரொட்டி என்று சொல்லும் அந்தப் பண்டத்தை டாக்டர் எழுதிக்கொடுப்பார். மூன்று நாள் காய்ச்சல் விட்டவனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். திடகாத்திரமானவர்கள் அதை உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை. இதை விளக்கினேன்.

அக்காவின் கணவர் துரை அண்ணர் பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இந்த ஊர் முழுக்கக் காய்ச்சல்தான் மாஸ்டர். நேவிக்கார வெள்ளையனுக்கும் சேத்து."

பிறகு பானம் வந்தது. அக்கா ஒரு குவளையில் கறுப்பாக எதையோ வைத்துவிட்டு, என் கையில் ஒரு பனங்கட்டித் துண்டைத் தந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிரசாதம் என்று நினைத்தேன். அப்புறம் பால் வரும் என்று காத்திருந்தேன். ஆவி அடங்கியது. பால் வரவில்லை.

"என்ன மாஸ்டர், செபிக்கிறீங்களோ? தேத்தண்ணி ஆறுது. கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ" என்றார் அண்ணர்.

கடித்துக் குடித்தேன். டிகிரி காபியில் கண் விழித்து வளர்ந்தவன் நான். அன்று காலை கண் விழிக்கவே இல்லை.

மத்தியானம் சோறு சிவப்பாக இருந்தது. பானைக்குள் ஏதோ சாயம் விழுந்துவிட்டது என்று நினைத்து, அக்காவைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று வாய் திறக்காமல் சாப்பிட்டேன். மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாளும் சிவப்பு. நாலாம் நாள் சாக்கை எட்டிப் பார்த்தேன். அரிசியே சிவப்பு.

மாலையில் இடியப்பம். அது எனக்குத் தெரிந்த முகம். ஆவலோடு உட்கார்ந்தேன். அதன் மேல் அக்கா தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினார். சாம்பார் என்று ஒருவர் இருந்து, அவர் காலமாகி, அவருடைய ஆவி மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"சாம்பார் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது கலியாண வீட்டில வைப்பினம் மாஸ்டர்" என்றார் அக்கா.

"அவசரமெண்டால் நீங்கள்தான் ஒரு கலியாணம் செய்ய வேணும்" என்றார் அண்ணர்.

தயிரில் நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தோப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த எருமைத் தயிர், மண்சட்டியில். சட்டியைக் கவிழ்த்தால் விழாது. அப்படி ஒரு தயிரை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. கண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. சிவப்புச் சோற்றில் போட்டுப் பிசைந்து, உப்புப் போட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, முதல் கவளத்தை எடுக்கிறேன். அண்ணர் மிகுந்த பாசத்தோடு எழுந்து வந்து, என் தட்டு முழுவதும் கித்துள் பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றினார்.

"தயிரை வெறுமனே சாப்பிடக்கூடாது மாஸ்டர்" என்றார்.

ஊறுகாய் அந்தப் பாணிக்குள் மெதுவாக மூழ்கியதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

எனக்காக வந்த அம்மி

நான் மாமிசம், மீன், முட்டை எதுவும் தொடாத வீட்டுப் பிள்ளை. வந்த அன்றே இதை அக்காவிடம் ஒரு சொற்பொழிவாகச் சொன்னேன். அங்கே மீன் சமைக்கும் பாத்திரத்தை மச்சச் சட்டி என்பார்கள். அந்தச் சட்டியின் கரண்டி என் குழம்புக்குள் வரக்கூடாது. அதைக் கழுவிய தண்ணீர் என் தட்டில் தெறிக்கக்கூடாது. மீனுக்கு மசாலா அரைத்த அம்மியில் என் தேங்காய் அரைபடக்கூடாது என்றெல்லாம் அடுக்கினேன்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். புதிதாக மூன்று மண்சட்டிகள் வாங்கினார். குசினியின் ஒரு பாதியைச் சாணம் போட்டு மெழுகி எனக்கென்று ஒதுக்கினார். கிண்ணியாவிலிருந்து ஒரு புது அம்மி தோணியில் வந்தது. அதை இறங்குதுறையிலிருந்து தள்ளுவண்டியில் வைத்து அண்ணர் தள்ளிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்ததும் முற்றத்தில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"பிள்ளையாரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாலும் புண்ணியம் கிடைச்சிருக்கும்" என்றார் வானத்தைப் பார்த்தபடி.

அந்தப் புது அம்மியில் அரைத்து அக்கா தந்த சம்பலை நான் தொட்டுப் பார்த்து, "சப்புன்னு இருக்கே" என்றேன்.

துறைமுக வாசல்

கல்லூரிக்குப் போகும் வழியில், மூதூருக்கு மோட்டார் லாஞ்சு புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில், ஹனீபா நானாவின் தேநீர்க் கடை இருந்தது. அங்கே முஸ்லிம் அண்ணன்களை நானா என்பார்கள். இவர் கிண்ணியாக்காரர். சுமைதூக்குகிறவர்கள், லாஞ்சுக்குக் காத்திருப்பவர்கள், மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கே பாணும் சம்பலும் சாப்பிடுவார்கள். ஒருநாள் காலை வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தவன், பசி தாங்காமல் உள்ளே போனேன்.

"நானா, இந்தச் சம்பல்ல மாமிசம் ஏதாவது இருக்கா?"

"இறைச்சியா?" நானா சிரித்தார். "சம்பலுக்கு ஆரு மாஸ்டர் இறைச்சி போடுற?"

"மீன் குழம்புக் கரண்டியை இதுல போடுவீங்களா?"

"இல்ல மாஸ்டர். அதுக்கு வேற அகப்பை இரிக்கு."

என் விசாரணை முடிந்தது. பாணைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன்.

என்ன சொல்வது! அந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக என் நாக்கு எழுந்து நின்றது. தேங்காய், செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய் எனும் எலுமிச்சம் புளி இதெல்லாம் வீட்டுச் சம்பலிலும் இருந்தவைதான். ஆனால் இதில் சின்னச் சின்னதாகப் பழுப்பு நிறச் சில்லுகள் கிடந்தன. மெல்ல மெல்ல அதிலிருந்து ஒரு ருசி ஊறியது. ஏதோ உயர்ந்த மரத்தின் பட்டை என்று முடிவு செய்தேன். ஏலக்காய் விளைகிற நாடு, கறுவாப்பட்டை விளைகிற நாடு. இன்னொரு பட்டை விளையாதா?

வாசனை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தத் துறைமுகத்தில் காற்றே மீன்தான். அதில் ஒரு கிண்ணத்துக்கு மட்டும் தனியாக மூக்கை நீட்ட யாரால் முடியும்?

அன்று முதல் தினமும் காலையில் அங்கேதான். கணிதத்தோடு சேர்த்து, வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்களுக்குச் சமயப் பேச்சு நடத்தும் பொறுப்பும் எனக்குத் தந்திருந்தார்கள். கொல்லாமையைப் பற்றி முக்கால் மணி நேரம் உருகி உருகிப் பேசுவேன். பல் இடுக்கில் ஒரு பழுப்புச் சில்லு அகப்பட்டுக்கொண்டிருக்கும். பேச்சுக்கு நடுவே அதை நாக்கால் துழாவிக்கொள்வேன்.

நூற்றுக்கு எத்தனை

அக்கா பாவம், ஒருநாள் கேட்டே விட்டார். "நானாவின்ர சம்பல் என்ன மாதிரி இருக்கும் மாஸ்டர்? சொல்லுங்கோ, நானும் செய்து பாக்கிறன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு வர்ணித்தேன். அதன் ஆழத்தைச் சொன்னேன். பழுப்புச் சில்லுகளைச் சொன்னேன். மெல்ல மெல்ல ருசி ஊறுவதைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அக்காவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அண்ணருக்கு இருமல் வந்து, கிணற்றடிக்கு ஓடினார். வெகு நேரம் அங்கேயே இருமினார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் முதல் அக்கா என்னென்னவோ செய்து பார்த்தார். தேங்காயை வறுத்து அரைத்தார். பலாக்கொட்டையை மெல்லியதாகச் சீவிக் காயவைத்துப் பொரித்துப் போட்டார். வாழைப்பூவைச் சுட்டுப் போட்டார். கத்தரிக்காய்த் தோலைக்கூட வெயிலில் உலர்த்தினார்.

நான் வாத்தியார் அல்லவா? மார்க்குப் போட்டேன்.

"மாஸ்டர், இண்டைக்கு எத்தனை?"

"முப்பத்தெட்டு."

"பலாக்கொட்டைக்குமோ?"

"அதுக்குத்தான் மூணு சேர்த்தேன். இல்லேன்னா முப்பத்தஞ்சு."

"அப்ப பாஸ் இல்லை" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானாவின் சம்பலுக்கு நான் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போட்டதில்லை.

ஒரே ஒருநாள் நானாவின் கடையிலும் சம்பல் மோசமாகிவிட்டது. பழுப்புச் சில்லே இல்லை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது.

"என்ன ஆச்சு நானா? இது அசல் பரமேசக்கா சம்பல் மாதிரின்னா இருக்கு! அவங்ககிட்ட பாடம் கேட்டீங்களா?"

கடை முழுவதும் கேட்கிறமாதிரிதான் சொன்னேன். நானா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் பழைய சம்பல் வந்துவிட்டது. திருந்திவிட்டார் என்று பாராட்டினேன்.

இப்படிப் பத்து மாசம் போன பிறகுதான் அதிபர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அதிபர் உங்களிட்டக் கேட்டவரோ?"

"கேட்டார்."

"என்ன சொன்னனீங்கள்?"

"உங்களை மாதிரிச் சுத்தம் யாருக்கும் வராதுன்னு சொன்னேன்."

"அது காணும், அது போதும் மாஸ்டர்" என்றார் அக்கா. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, மாஸ்டர் நல்லாச் சொல்லியிருக்கிறாராம்" என்று அண்ணரிடம் சொன்னதையும் கேட்டேன்.

அம்மா கேட்ட பட்டை

நாலைந்து நாள் கழித்து ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. அந்த அதிசயப் பட்டையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன் போலிருக்கிறது. சித்திரை விடுமுறைக்கு வரும்போது இரண்டு கைப்பிடி வாங்கிவரச் சொல்லியிருந்தாள். வருஷப்பிறப்பு அன்று பச்சடியில் போட்டு சுவாமிக்கு நைவேத்தியம் செய்யலாம் என்று ஆசையாம்.

சனிக்கிழமை முற்பகல். லாஞ்சு அப்போதுதான் போயிருந்தது, கடையில் ஆளில்லை. நானா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, சம்பல்ல போடுற பட்டை கொஞ்சம் வேணும். எங்க அம்மா சுவாமிக்குப் படைக்கணுமாம்."

"எந்தப் பட்டை மாஸ்டர்?"

"அந்தப் பழுப்புச் சில்லு. எந்த மரத்துப் பட்டை அது?"

நானா என்னையே பார்த்தார். துணியைக் கீழே வைத்தார். உள்ளே போய், கையளவு நீளமான, கருப்பும் பழுப்புமான ஒரு கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் எடுத்து மேசையில் தட்டினேன். டொக் டொக் என்றது. தேக்குக்குக்கூட அந்தச் சத்தம் வராது.

"நல்ல வைரம் பாய்ஞ்ச மரம்" என்றேன்.

"மாஸ்டர்," நானாவின் குரல் இறங்கிவிட்டது. "இது மரமில்ல. மாசி."

"மாசின்னா?"

"சூரை மீன். அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காயவைக்கிற. மாலைதீவில இரிந்து வாற."

நான் கட்டையைக் கீழே வைக்கவில்லை. ஏனோ இன்னும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

"மீன் இல்லேன்னு சொன்னீங்களே நானா!"

"அல்லாவே! நீங்க இறைச்சியெண்டுதானே கேட்டீங்க? மீன் கறி அகப்பையெண்டுதானே கேட்டீங்க? மாசிய ஆரு மாஸ்டர் மீனெண்டு நினைக்கிற? மீன் சந்தையில மீன் விக்கும். மாசி பலசரக்குக் கடையில, மிளகாய்க்கும் பெருங்காயத்துக்கும் நடுவுலதானே இரிக்கு?"

அவர் சொன்னது உண்மை. அந்த ஊரில் மாசி ஒரு சரக்கு. உப்பை யாரும் கடல் என்று சொல்வதில்லை அல்லவா, அதுபோல.

குமட்டும் என்று எதிர்பார்த்தேன். குமட்டவில்லை. மயக்கம் வரும் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். மயக்கமும் வரவில்லை. வாயில் எச்சில்தான் ஊறியது. முந்நூறு காலை வேளைகள்! மூன்று தலைமுறைச் சைவத்தை நான் ஒரு தேநீர்க் கடையில் பாணோடு தொட்டுத் தின்றிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எங்கள் குலதெய்வத்துக்கும் ஊட்டியிருப்பேன்.

நானா அழுதுவிடுவார்போல் இருந்தார். அதனால்தானோ என்னவோ, மற்றதையும் சொல்லிவிட்டார்.

"பரமேசு அக்கா அப்பவே வந்து கேட்டா மாஸ்டர், மாசி போடுறதா எண்டு. ஓமெண்டன். 'தெரியாமச் சாப்பிட்டது அவரில பிழையில்லை. தெரிஞ்சால் மனுசன் பட்டினி கிடக்கும், நீ வாயைத் திறக்காதே. அவருக்கு மட்டும் மாசி போடாம வேறயா வை' எண்டு சொல்லிட்டுப் போனா. வைச்சன். நீங்கதான் கடை முழுக்கக் கேட்கப் பகிடி பண்ணிட்டீங்க, அதுதான் பழையபடி மாசி போட்டன்."

ஒன்பது நாள்

விடுதிக் குசினியின் நியமனம் அப்போது இன்னும் முடிவாகியிருக்கவில்லை. கடிதம் போக ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் அதிபரின் அறையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். தினமும் நாலு தடவை. உள்ளே போய், "சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தம்மா என் விரதத்துக்காக ருசியைத் தானே எடுத்துவிட்டுச் சமைச்சாங்க. நான் மீன் ருசி கண்டுட்டுக் குறை சொன்னேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சு இருந்தது. நெற்றியில் விபூதி இருந்தது. ஊரில் அம்மா இருந்தாள். வைராக்கியத்தோடு நானாவின் கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். பசியோடு கொல்லாமையைப் பற்றிப் பேசினேன். அந்த வாரம் பேச்சு கொஞ்சம் சுருக்கமாக இருந்ததாகப் பிள்ளைகள் மகிழ்ச்சி தெரிவித்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அக்கா விடுதிக்குப் போய்விட்டால் எனக்கு யார் தனிச்சட்டி வைத்துச் சமைப்பார்கள்? அதிபர் கேட்ட அன்றே, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கணத்திலேயே, அந்த எண்ணம் என் மனசில் ஓடியது. சம்பல் மட்டும் காரணமில்லை.

பத்தாம் நாள் கடிதம் வேறொருவருக்குப் போய்விட்டது. பதினோராம் நாள் நான் அதிபரிடம் போனேன். ஆமாம், அதன் பிறகுதான். உண்மையைச் சொல்வதால் ஒன்றும் மாறாது என்று உறுதியான பிறகு எனக்குத் தைரியம் தாராளமாக வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அதிபர் சிரித்த சிரிப்பில் மற்றக் கதிரையிலிருந்த கோப்புகள் சரிந்தன. "மாசியோ! பத்து மாசமோ! நமசிவாயம் எண்டு பேரையும் வைச்சுக்கொண்டு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"இதைப் போன கிழமை சொல்லியிருந்தால் மாஸ்டர், இவ்வளவும் சிரிச்சிட்டு, அவவுக்கே கையெழுத்தும் போட்டிருப்பன்."

இரண்டாவது கரண்டி

அங்கிருந்து நேரே வீட்டுக்கு நடந்தேன். மத்தியானம். அக்கா குசினியில் எனக்கென்று ஒதுக்கிய பக்கத்து அடுப்படியில் இருந்தார். அண்ணர் வாசலோரக் கதிரையில் இருந்தார். நான் உட்காராமலே சொன்னேன்.

"அக்கா, உங்க கைக்கு ருசி வராதுன்னு அதிபர்கிட்ட சொன்னேன்."

"தெரியும். கடிதம் போன அண்டைக்கே அவர் கேட்டுக்கொண்டு வந்தவர்." அண்ணரை நோக்கித் தலையை அசைத்தார். "இருங்கோ, சோறு போடுறன்."

"மாசி விஷயமும் தெரிஞ்சு போச்சு. நானா சொல்லிட்டார்."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "ஐயோ, அந்த மனுசன் ஏன் சொன்னது! சாப்பிடாமக் கிடக்கிறீங்களோ? அதுதான் இந்தக் கிழமை முகம் வாடிக் கிடக்கு. எப்ப சொன்னவர்?"

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமை."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்ததும் கை மடியில் அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப கடிதம் போக முந்தியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒன்பது நாள்."

"ஆமாம்."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை இறக்கி வைத்தார். அண்ணர் வழக்கம்போல் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் உளறினேன்.

"உங்க கத்தரிக்காய்ப் பால்கறி ரொம்ப நன்னா இருக்கும் அக்கா. அதை நான் சொல்லியிருக்கணும். பருப்புகூட..."

"பொய் சொல்லாதீங்கோ மாஸ்டர்." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "அது எனக்கே சப்பெண்டுதான் இருக்கும். நீங்கள் என்ர சமையலை இன்னும் சாப்பிடவே இல்லை. கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொன்னீங்கள். பிறகு எனக்கு நீந்தத் தெரியாதெண்டு ஊருக்குச் சொன்னீங்கள்."

குசினியின் மறுபக்கத்தைப் பார்த்தேன். பத்து மாசமாக நான் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன பக்கம். அங்கே அவர்களுக்கென்று வைத்த சட்டிகள் மூடியிருந்தன.

"அப்போ அதுலேர்ந்து போடுங்கோ" என்றேன்.

"விசர்க் கதை கதையாதீங்கோ."

"இதுவரைக்கும் தெரியாமச் சாப்பிட்டேன். இப்போ தெரிஞ்சே கேக்கறேன். போடுங்கோ அக்கா."

அக்கா அண்ணரைப் பார்த்தார். அண்ணர் தோளைக் குலுக்கினார். அக்கா எழுந்து போய் மூடியைத் திறந்தார். சிவப்புச் சோறு. மாசி போட்ட கத்தரிக்காய்ப் பால்கறி. முருங்கையிலைச் சுண்டல். பழைய அம்மியில் அரைத்த சம்பல்.

முதல் கவளத்துக்குப் பிறகு நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹனீபா நானா என்னை மன்னிக்க வேண்டும். அவருடைய சம்பல் ஒரு நல்ல கடைச் சம்பல், அவ்வளவுதான். இது வேறு. பால்கறி நாக்கில் கரைந்த பிறகுதான் காரம் வந்தது. காரம் போன பிறகு புளி வந்தது. ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து வந்தது. நான் கேலி செய்த சிவப்புச் சோறுகூட இந்தக் கறிக்காகவே சிவந்ததுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சோற்றோடு சிரித்தேன். புரைக்கேறியது. அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவருக்கும் உதட்டோரத்தில் என்னவோ துடித்தது. சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

இரண்டாவது கரண்டி போட்டார். அதையும் முடித்தேன்.

அப்போதுதான் அண்ணர் பேசினார்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ மாஸ்டர். விடுதியில நாப்பது பிள்ளையளுக்குப் போகவேண்டிய சாப்பாடு அது."

கேட்டது. நன்றாகவே கேட்டது. அந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்க வேண்டும். தட்டை நகர்த்திவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்தேன் என்று இங்கே எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும்.

இன்னும் கொஞ்சம் பால்கறி கேட்டேன். அக்கா போட்டார்.